வேலை பிடிக்கவில்லையா? எது பிடிக்கவில்லை என்று முதலில் பாருங்கள்

பிளஸ் டூ தேர்வு முடிந்ததும் ‘அடுத்து என்ன படிக்கலாம்’ என்று சொல்ல ஊருக்கு ஊர் கருத்தரங்குகள் நடக்கின்றன. பத்து வருடம் வேலை பார்த்தபின் ‘இது எனக்கு ஒத்துவரவில்லை’ என்று தவிப்பவருக்கோ வீட்டிலும் நட்பு வட்டத்திலும் இரண்டே அறிவுரைகள்தான் கிடைக்கின்றன: ‘கிடைத்ததை விட்டுவிடாதே’, ‘பிடிக்காவிட்டால் தூக்கிப் போடு’. இந்த இரண்டுக்கும் நடுவே நின்று உதவுவதுதான் தொழில்நெறி ஆலோசனை.

1908-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிராங்க் பார்சன்ஸ் தொடங்கிய ஆலோசனை மையம் இத்துறைக்கு முன்னோடி. தன்னை அறிவது, வேலைகளை அறிவது, இரண்டையும் பொருத்திப் பார்ப்பது என்று அவர் வகுத்த மூன்று படிகள் இன்றும் செல்லுபடியாகின்றன.

என்ன கேட்பார்கள்?

நல்ல ஆலோசகர் ‘வேறு என்ன வேலைக்குப் போகலாம்’ என்று ஆரம்பிக்க மாட்டார். சிக்கல் மேலதிகாரியிடமா, நிறுவனத்திலா, செய்யும் பொறுப்பிலா, தொழிலிலேயேவா என்று துருவுவார். வங்கி வேலையே வெறுத்துவிட்டது என்று வருபவருக்குக் கடன் பரிசீலனை பிடித்திருக்கலாம்; இன்சூரன்ஸ் விற்கச் சொல்லும் டார்கெட்தான் கசந்திருக்கலாம். அவருக்குத் தேவை வேறு பிரிவு, வேறு தொழில் அல்ல.

ஓய்ந்துபோவதையும் தனியாகப் பார்க்க வேண்டும். தீராத களைப்பு, வேலைமீது விலகல், செயல்திறன் குறைந்த உணர்வு ஆகிய மூன்றும் சேர்ந்த நிலையை உலக சுகாதார நிறுவனம் 2019-ல் பணி சார்ந்த நிகழ்வாக வரையறுத்தது. நோய் என்று சொல்லவில்லை. அந்த நிலையில் எந்த வேலையும் கசக்கும். ஆகவே ஓய்வு முதலில், முடிவு பிறகு. தூக்கம் கெட்டு மனம் உடைந்திருந்தால் டெலி மானஸ் இலவச உதவி எண் 14416-ஐ அழைக்கலாம்.

சோதனைகளை நம்பலாமா?

உளவியலாளர் ஜான் ஹாலண்ட் ஆர்வங்களை ஆறு வகையாகப் பிரித்தார். அதன் அடிப்படையிலான வினாத்தாள்கள் பரவலாகப் புழங்குகின்றன. அவை காட்டுவது ஆர்வத்தை; திறமையையோ வேலைச் சந்தையையோ அல்ல. கைரேகையை ஸ்கேன் செய்து தொழிலைச் சொல்கிறோம் என்பவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். அதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. ஒரே சந்திப்பில் படிப்பு ஒன்றைப் பரிந்துரைத்து அதில் சேரவும் சொல்பவர், அந்த நிறுவனத்திடம் கமிஷன் வாங்குகிறாரா என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள்.

எங்கே போவது?

எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ் என்று நாம் சொல்லும் அலுவலகத்தின் முழுப் பெயர் ‘மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம்’. பதிவு செய்யவும் புதுப்பிக்கவும் மட்டுமல்ல, வழிகாட்டல் கேட்டும் அங்கே போகலாம். மத்திய அரசு 2015-ல் தொடங்கிய நேஷனல் கேரியர் சர்வீஸ் இணையதளத்திலும் ஆலோசனை வசதி உண்டு. ஆசைப்படும் தொழிலில் இருப்பவர் இரண்டு மூன்று பேரிடம் அவர்களின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று விசாரிப்பதும் பயன் தரும். அதற்குச் செலவு ஒரு டீதான்.

கடிதம் கொடுக்கும் முன்

நிரந்தரப் பணியில் பணிக்கொடை கிடைக்கப் பொதுவாக 5 ஆண்டு சேவை வேண்டும். நான்கு ஆண்டு தாண்டியவர் நாள் கணக்கைப் பார்த்துக்கொள்வது நல்லது. பி.எஃப். பணத்தை 5 ஆண்டுக்குள் எடுத்தால் வரி விழக்கூடும், யு.ஏ.என். வழியாகப் புதிய நிறுவனக் கணக்குக்கு மாற்றினால் சேவைக்காலம் தொடரும். பி.எஃப். ஓய்வூதியத் தகுதிக்கு 10 ஆண்டு தேவை. நோட்டீஸ் காலம், வீட்டுக்கடன் தவணை, வருமானமின்றி எத்தனை மாதம் தாங்கும் என்பதையும் எழுதிப் பார்க்க வேண்டும்.

ஆலோசனையால் தீராதவை

சட்டப்படியான சம்பளம் தராதது, ஓவர்டைம் மறுப்பு, பாலியல் தொந்தரவு ஆகியவற்றுக்கு ‘உங்கள் ஆர்வம் என்ன’ என்று கேட்பதில் அர்த்தமில்லை. முதல் இரண்டுக்கும் தொழிலாளர் துறையும் தொழிற்சங்கமும் இருக்கின்றன. பாலியல் தொந்தரவுக்கு, 10 பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். குறை வேலையிடத்தில் இருக்கும்போது, உங்களை மாறச் சொல்லாமல் அந்த வாசலுக்கு அனுப்பிவைக்கும் ஆலோசகருக்குக் கட்டணம் தாராளமாகக் கொடுக்கலாம்.