பானை வாயில் ஒரு வலை

உடுமலைப்பேட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். விடுமுறைக்குக் குடும்பத்தோடு பாங்காக் போனவர்கள், ஒரு நாள் முழுக்கத் தெருச்சந்தைகளிலேயே சுற்றியிருக்கிறார்கள். பிள்ளைகள் மாம்பழமும் தேங்காய்ப்பால் சோறுமாகத் தின்று தீர்க்க, இவர் ஒரு தள்ளுவண்டி முன்னால் நின்றுவிட்டார். கொதிக்கும் பானையின் வாயில் இழுத்துக் கட்டிய வெள்ளைத் துணி. அதன்மேல் ஒரு கரண்டி அரிசி மாவு. வட்டமாகத் தேய்த்து மூடி, திறந்தால் கண்ணாடி மாதிரி ஒரு தகடு. உள்ளே கடலைப் பூரணம் வைத்து மடித்துக் கொடுத்தார்களாம். “நம்ம ஊர்ல இட்லித்தட்டுக்கு முன்னால இந்த மாதிரி ஏதாவது இருந்திருக்குமா?” என்று கேட்டிருக்கிறார்.

இருந்திருக்குமா என்ன, இருக்கிறது அம்மணி. பொள்ளாச்சி வழியாகப் பாலக்காட்டுக்கு வண்டி ஏறினால் காலைப் பலகார நேரத்துக்கே போய்ச் சேரலாம். ஊரின் பெயர் ராமசேரி. பாலக்காட்டிலிருந்து ஏறத்தாழ பத்து கிலோமீட்டர், எலப்புள்ளிப் பஞ்சாயத்து.

நீங்கள் பாங்காக்கில் பார்த்ததன் பெயர் காவ் கிரியாப் பாக் மோ. வியட்நாமில் பான் குவோன் என்று இதற்கு ஓர் உறவு உண்டு. இரண்டிலும் மாவு நம் இட்லி மாவு அளவுக்குப் புளிப்பதில்லை. மோர் மாதிரி நீர்க்க இருக்கும். வேகவும் நேரம் பிடிக்காது. ராமசேரியில் ஊற்றுவது உளுந்து போட்டு அரைத்துப் புளித்த மாவு. வெந்து வருவது ஊத்தப்பம் போல் தட்டையான, பஞ்சு போன்ற ஓர் இட்லி. குழிவும் கிடையாது, கும்பமும் கிடையாது. முதல்முறை பார்ப்பவர் இதை இட்லி என்று ஒப்புக்கொள்ளவே ஒரு வாய் தின்ன வேண்டியிருக்கும்.

மாவு அரைப்பதை உங்களுக்குச் சொல்லித்தர நான் யார்? எனவே நேராக என்னை மயக்கிய பொருளுக்கு வந்துவிடுகிறேன். அது ஒரு மண் வளையம். அடியில்லாத சட்டி என்றும் சொல்லலாம். அந்த வளையத்தின் குறுக்கும் நெடுக்குமாக நூலால் முடிச்சுப் போட்டு ஒரு வலை பின்னியிருப்பார்கள். வலையின் மேல் ஈரத் துணி, துணியின் மேல் மாவு. இப்படி மூன்று நான்கு வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கொதிக்கும் பானையின் வாயில் அடுக்கி, உச்சியில் இன்னொரு பானையைக் கவிழ்த்துவிடுவார்கள். அடியில் விறகு எரியும். புளிய விறகுக்கு ஈடில்லை என்பது செய்பவர்களின் கட்சி.

வலை எதற்கு? தாய்லாந்துக்காரர்கள் துணியோடு நிறுத்திக்கொண்டார்களே என்றால், அவர்கள் ஊற்றுவது மெல்லிய படலம். இறுக்கிக் கட்டிய துணியே அதைத் தாங்கும். உளுந்து மாவுக்குக் கனம் உண்டு. வெறும் துணியில் ஊற்றினால் நடுவில் தொங்கிப்போய், ஓரம் மெலிந்து நடுவில் தடித்துவிடும். ஓரம் வெந்திருக்கும், நடு பச்சையாக இருக்கும். கயிற்றுக் கட்டில் ஆளைத் தாங்குவதுபோல இந்த முடிச்சுகள் மாவைத் தாங்குகின்றன. ஒரு நூலுக்கு வந்த பாரத்தை மற்ற நூல்கள் பங்கு போட்டுக்கொள்ளும். பரப்பு ஏறக்குறைய சமமாக நிற்கும். ஆனால் கீழே தகடு என்று ஒன்று இல்லாததால் ஆவிக்கு வழி முழுவதும் திறந்தே இருக்கும். தாங்கவும் வேண்டும், மறைக்கவும் கூடாது. இந்த இரண்டு நிபந்தனைக்கும் நூல்வலையைவிட மலிவான விடை எனக்குத் தோன்றவில்லை.

ஆவிக்கு ஏன் இத்தனை மரியாதை? ஒரு கிராம் வெந்நீர் ஒரு டிகிரி குளிர்ந்தால் ஒரு கலோரி வெப்பம்தான் தரும். அதே ஒரு கிராம் நீராவி, மாவின் மேல் பட்டு நீராக மாறும்போது சுமார் 540 கலோரியை அங்கேயே இறக்கிவிட்டுப் போகிறது. உலோகத் தட்டில் இந்த வெப்பம் முதலில் தட்டைச் சூடாக்கி, தட்டு மாவைச் சூடாக்க வேண்டும். துணி வழியில் ஆவி நேரே மாவைத் தொடுகிறது. மாவு ஒழுகாமல் நிற்பதும் இதனால்தான். ஆவி பட்ட கணத்தில் துணியை ஒட்டிய அடுக்கு வெந்து இறுகிவிடும், மேலே இருப்பது கீழே வடிய வழியில்லை. வேகும்போது நீராவி நீர்த்துளியாகி வடிவது இன்னொரு தொல்லை. உலோக மூடியிலிருந்து சொட்டும் தண்ணீர் இட்லியின் முகத்தைக் கெடுப்பதை எல்லா வீட்டிலும் பார்த்திருப்போம். மண்பானை அந்த ஈரத்தில் ஒரு பங்கைத் தானே குடித்துக்கொள்கிறது. மீதி, வளைந்த ஓரம் வழியாக இறங்கிவிடுகிறது.

பஞ்சுத்தன்மைக்கு மட்டும் பானையைப் புகழக் கூடாது. அது கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கூட்டத்தின் வேலை. உளுந்தோடு ஒட்டிக்கொண்டே வரும் பாக்டீரியாக்கள் இரவெல்லாம் மாவைப் புளிக்கவைத்து, கரியமில வாயுவை வெளிவிட்டு அதைப் பொங்கவைக்கின்றன. லூகோநாஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்ற இனத்துக்கு இதில் தலைமைப் பங்கு என்று ஸ்டைன்கிராஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1965இல் காட்டினார்கள். உளுந்தின் வழுவழுப்பு அந்தக் குமிழிகளைப் போகவிடாமல் பிடித்து வைக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் நம் பக்கத்து வெக்கை, மாவு புளிக்க வாகான சூடு. மலைக்கு மேலே இடுக்கிப் பக்கம், மூணாறு குளிரில், மாவுப் பாத்திரத்தை அடுப்போரம் வைத்துக் காவல் காக்க வேண்டியிருக்கும்.

இதைச் செய்பவர்கள் முதலியார் குடும்பங்கள். நூறாண்டுக்கு முன்பே தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். எந்த ஊர் என்பதில் ஆளுக்கொரு கதை. காஞ்சிபுரம் என்பது அதிகம் கேட்பது. அப்போது இரண்டு மாநிலம் என்ற பேச்சே இல்லை; 1956 வரை பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில்தான் இருந்தது. நெசவுக்காரர்கள் என்று சொல்லப்படும் குடும்பங்கள் இவை. தறியில் இழை அறுந்தால் கண் பார்க்காமல் முடிச்சுப் போடும் விரல்கள்தான் இந்த வலையையும் கட்டியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். நிரூபிக்க ஆதாரம் கிடையாது, விட்டுக்கொடுக்கவும் மனமில்லை. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் மூங்கில் குடலையில் மந்தாரை இலை போட்டு, மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்து அவிக்கும் இட்லியையும் நினைத்துக்கொள்ளுங்கள். தட்டு இல்லாமல் இட்லி அவிக்க அந்த ஊருக்கு எப்போதுமே தெரியும்.

இட்லி ஆவியில் வேகும் முறையே இந்தோனேசியாவிலிருந்து வந்திருக்கலாம் என்று உணவு வரலாற்றாசிரியர் கே. டி. அச்சயா எழுதியிருக்கிறார். 920ஐ ஒட்டி எழுந்த ‘வட்டாராதனை’ என்ற கன்னட நூல் இட்டலிகெ என்ற பண்டத்தைச் சொன்னாலும், பழைய குறிப்புகளில் அரிசியோ புளிக்கவைப்பதோ ஆவியில் வேகவைப்பதோ இல்லை என்பது அவர் வாதத்தின் ஒரு கால். பெரிய மனிதர்; மறுத்துப் பேச எனக்குத் தகுதி குறைவு. ஆனாலும் ஒரு சந்தேகம்: குறிப்பில் இல்லாதது ஊரிலும் இல்லை என்றாகுமா? பானை வாயில் துணியை வேடு கட்டி அவிப்பதற்குத் தனிப் பாத்திரம் எதுவும் வேண்டாமே! துணி மண்ணில் மக்கிவிடும்; தோண்டினால் கிடைக்கும் பானை, சோறு வடித்த பானையா இட்லி அவித்த பானையா என்று யார் சொல்வது? ராமசேரி அடுக்கில் வளையமாவது மிஞ்சும். வேடு கட்டியவர்கள் தடயம் விடாமல் போனவர்கள்.

ஒரு காலத்தில் ராமசேரியில் பல வீடுகளில் அடுப்பெரிந்தது. பெண்கள் கூடையில் சுமந்து அக்கம்பக்கத்து ஊர்களுக்குக் கொண்டுபோய் விற்றார்கள் என்பார்கள். இப்போது விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்களே செய்கின்றன. புகையில் நின்று, துணியை ஒவ்வொரு ஈட்டுக்கும் அலசி, வலை தளர்ந்தால் திரும்பக் கட்டி, இதில் கிடைக்கிற வருமானத்துக்குப் பிள்ளைகள் நிற்பார்களா? பானைக்காரர் பாடு இன்னும் மோசம். கேரளத்துக் குயவர் குடும்பங்களில் பலர் வீட்டில் தெலுங்கு பேசுபவர்கள். தெலுங்கு பேசுபவர் வனைந்த சட்டியில் தமிழர் அவித்து மலையாளிக்குப் பரிமாறும் பலகாரம் இது. களிமண் எடுப்பதற்கான கட்டுப்பாடுகள் இறுகிவிட்டன. வயலையும் ஈரநிலத்தையும் காக்கத்தான் 2008இல் சட்டம் வந்தது, அது தேவையானதும்கூட. ஆனால் லாரி கணக்கில் தோண்டிய செங்கல் சூளைக்காரரும் நாலு கூடை மண் கேட்கும் குயவரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது.

இதற்கிடையே ‘ராமசேரி இட்லி’ என்று எழுதிய பலகை ஊரூராகத் தொங்குகிறது. ஒரு நகரத்து உணவகத்தில் ஆசையோடு கேட்டேன். அலுமினியத் தட்டில் ஊற்றிய தட்டை இட்லி வந்தது. மாவு நல்ல மாவுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் வலையும் மண்ணும் இல்லாமல் அந்தப் பெயரை மட்டும் எடுத்துக்கொள்வது எனக்கு ஒப்பவில்லை.

அதைவிடப் பெரிய வருத்தம் துணியைப் பற்றியது. துணியை அலசிக் காயவைக்கச் சோம்பல்பட்டு, பல கடைகள் பிளாஸ்டிக் தாளுக்கு மாறிவிட்டன. கொதிக்கும் ஆவியில் பிளாஸ்டிக்! கர்நாடக அரசு 2025 பிப்ரவரியில் சோதித்தபோது ஐம்பதுக்கும் மேற்பட்ட கடைகளில் இது பிடிபட்டு, தடை விதிக்க வேண்டிவந்தது. நம்மூரில் மட்டும் எல்லாரும் உத்தமர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்தமுறை சாப்பிடும்போது இட்லியின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். துணியில் வெந்ததென்றால் இழைத்தடம் இருக்கும். வழுவழுவென்று பளபளத்தால் அடுத்த ஈடு வேண்டாம் என்று எழுந்துவிடுங்கள். கேட்கவும் கேளுங்கள், காசு கொடுக்கிறவர் கேட்காமல் யார் கேட்பது?

வாசகிக்கு இரண்டாவதாகவும் ஒரு கேள்வி இருந்தது: வீட்டில் செய்ய முடியுமா? முடியும். வாயகன்ற பானையோ சட்டியோ எடுத்து முக்கால் பங்கு தண்ணீர் வைத்து, பழைய வேட்டித் துணியை நாலாபுறமும் இழுத்து, கழுத்தில் சணலால் இறுக்கி வேடு கட்டுங்கள். புதுத் துணி என்றால் கஞ்சி போக இரண்டுமுறை கொதிக்கவைத்து அலசிய பிறகே கட்ட வேண்டும். தொங்கும் ஓரங்களை மேலே மடித்துச் செருகிவிடுங்கள், இல்லாவிட்டால் தீ பிடிக்கும். மாவைத் தோசைக்கும் இட்லிக்கும் நடுப்பதத்தில் கரைத்து, மெல்லிசாக ஒரு கரண்டி மட்டும் ஊற்றுங்கள். வெந்ததும் துணி மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, தோசைத் திருப்பியை ஈரமாக்கி ஓரத்திலிருந்து நெம்பினால் வந்துவிடும். தொட்டுக்கொள்ளப் பொடி, அதில் நல்லெண்ணெய்க்குப் பதில் தேங்காயெண்ணெய், அந்த ஊர் வழக்கப்படி. கனமான இட்லிதான் வேண்டுமென்றால் வலை வேண்டும். வளையத்துக்கு உங்கள் ஊர்ச் சந்தையில் மண்சட்டி விற்பவரிடம் அடியில்லாமல் ஒன்று வனைந்து தரச் சொல்லிப் பாருங்கள்.