படம் எங்கே நிற்பது?

ஆய்வேடு எழுதும் மாணவரும், கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டறிக்கையைத் தட்டச்சு செய்யும் குமாஸ்தாவும், அறிவியல் வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியரும் ஒருவரையொருவர் அறியாதவர்களேயானாலும், சொற்செயலியில் ஒரு படத்தைச் செருகிய பிறகு மூவரும் படும் கஷ்டம் ஒன்றேதான். மூன்றாம் பக்கத்தில் ஒரு வாக்கியத்தைக் கூட்டினால் ஏழாம் பக்கத்துப் படம் எட்டாம் பக்கத்துக்குத் தாவுகிறது. அது இருந்த இடம் பாதிப் பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது. பிடித்திழுத்துப் பழைய இடத்தில் வைத்தாலோ, அதனோடு இருந்த அம்புக்குறி மட்டும் பின்தங்கி வேறொரு பத்தியின் மேல் ஏறிக்கொள்கிறது. இயந்திரத்துக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே பலரும் அபிப்பிராயப்படுகிறார்கள். ஆனால் இந்தப் படம் எழுத்துக்கு உரியதா, தாளுக்கு உரியதா என்னும் கேள்விக்கு நாம் விடை சொல்லாமலே விட்டிருப்பதால், மென்பொருள் தானாக ஒரு விடையை வைத்துக்கொண்டு அதை அட்சரம் பிசகாமல் நிறைவேற்றிக்கொண்டிருக்கிறது என்பதே உண்மை.

கேள்வி என்னவோ மிகப் பழையது. 1482ஆம் ஆண்டில் வெனிஸ் நகரத்தில் எர்ஹார்ட் ராட்டோல்ட் என்ற அச்சுக்காரர் யூக்ளிடின் வடிவகணித நூலை முதன்முதலாக அச்சேற்றியபோது, வட்டங்களையும் முக்கோணங்களையும் எழுத்துக்கு நடுவே புகுத்தாமல், அகலமான ஓரத்தை ஒதுக்கி, அந்தந்தத் தேற்றத்துக்கு நேரே நிறுத்தினார். பிற்காலத்தில் செப்புத் தகட்டுச் சித்திரங்கள் வந்தன. அவற்றின் நேர்த்தி பெரிது. ஆனால் மை தகட்டின் பள்ளங்களில் தங்குவதால், மேடான அச்செழுத்துகளோடு சேர்த்து ஒரே அழுத்தத்தில் அவற்றை அச்சிட முடியாது. தனி யந்திரம் வேண்டும், பெரும்பாலும் தனித் தாளும் வேண்டும். அதனால்தான் 1751 முதல் 1772 வரை பாரிஸில் வெளிவந்த திதரோவின் கலைக்களஞ்சியம், எழுத்துக்கு 17 தொகுதிகளும் படங்களுக்கென்றே 11 தொகுதிகளுமாகப் பிரிந்து நின்றது. வாசகர் ஒரு கையில் விளக்கத்தையும் மறுகையில் படத்தையும் வைத்துக்கொண்டு படிக்க வேண்டியதாயிற்று. அதே நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் தாமஸ் பியூயிக், பாக்ஸ் மரத்தின் குறுக்குவெட்டு முகத்தில் நுணுக்கமாகச் செதுக்கி, அந்தக் கட்டையை அச்செழுத்தின் உயரத்துக்கே அமைத்த பிறகுதான் படமும் எழுத்தும் மீண்டும் ஒரே பக்கத்தில் சௌகரியமாகக் கூடி வாழத் தொடங்கின. நம் ஊர் அச்சகங்களில் கம்பாசிட்டர்கள் 'பிளாக்' என்று சொல்லிவந்த, மரக்கட்டையில் அறைந்த உலோகத் தகடும் இந்த மரபைச் சேர்ந்ததே. அதையும் எழுத்தின் உயரத்துக்கு ஏற்றினால்தான் மை பிடிக்கும்.

சொற்செயலியில் படத்துக்குரிய முதல் ஸ்தானமும் அந்த மரக்கட்டையின் ஸ்தானந்தான். மைக்ரோசாஃப்ட் வேர்டில் 'இன் லைன் வித் டெக்ஸ்ட்' என்றும், லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் 'ஆஸ் கேரக்டர்' என்றும் காணப்படும் இந்த ஏற்பாட்டில், படம் ஒரு பெரிய எழுத்தாகவே கருதப்படுகிறது. அதற்கு முன்னும் பின்னும் தட்டச்சு செய்யலாம், பின்னழிப்பு விசையால் அழிக்கலாம், பத்தியை நடுவில் நிறுத்தினால் படமும் நடுவில் நிற்கும். வரிக்குள் படத்தை வைப்பது கலியுகத்துப் புதுமையும் அல்ல. 1613இல் வெளியான சூரியப் புள்ளிகளைப் பற்றிய நூலில் கலிலியோ, தொலைநோக்கியில் தாம் கண்ட சனிக் கிரகத்தின் சிறு வடிவத்தை வாக்கியத்தின் நடுவிலேயே ஒரு சொல்லைப் போல வைத்தார். 1847இல் லண்டனில் ஆலிவர் பைர்ன் பதிப்பித்த யூக்ளிடிலோ, கோணங்களையும் கோடுகளையும் குறிக்கும் எழுத்துகளுக்குப் பதிலாக வண்ணந்தீட்டிய உருவங்களே வரிகளில் அமர்ந்திருக்கின்றன.

இந்த முறையில் அகப்படும் விபத்து ஒன்று உண்டு. பத்தியின் வரி இடைவெளியை 'எக்ஸாக்ட்லி' என்று குறிப்பிட்ட அளவில் இறுக்கிவைத்திருந்தால், வேர்டு படத்துக்கும் அவ்வளவே உயரம் கொடுக்கும். படத்தின் அடியில் ஒரு மெல்லிய கீற்று மட்டும் தெரிய, மீதி மறைந்துபோகும். கோப்பு கெட்டுவிட்டதென்று பயந்து படத்தை மறுபடியும் மறுபடியும் செருகுவதால் பயனில்லை. அந்தப் பத்தியின் வரி இடைவெளியை 'சிங்கிள்' என்று மாற்றினால் போதும்.

இரண்டாவது ஸ்தானம் மிதக்கும் ஸ்தானம். எழுத்து படத்தைச் சதுரமாகச் சுற்றியோ, அதன் வடிவத்தை ஒட்டியோ, மேலும் கீழும் விலகியோ ஓடலாம். படம் எழுத்தின் முன்னாலோ பின்னாலோகூட நிற்கலாம். பார்வைக்கு அது தாளின் மீது சுயேச்சையாக உலவுவதாகத் தோன்றும். ஆயினும் வேர்டில் மிதக்கும் ஒவ்வொரு படமும் ஏதாவதொரு பத்தியோடு கட்டுண்டிருக்கிறது. அந்தக் கட்டுக்கு நங்கூரம் என்று பெயர். படத்தைத் தேர்ந்தெடுத்தால் பத்தியின் ஓரத்தில் நங்கூரச் சின்னம் தெரியும். முளையில் கட்டிய பசு கயிற்றின் நீளம் மட்டும் மேயலாம், முளையைப் பிடுங்கி அடுத்த வயலில் அடித்தால் தானும் அங்கே போக வேண்டும் என்பதைப் போல, படம் பக்கத்துக்குள் எங்கும் இருக்கலாம். நங்கூரமிட்ட பத்தி அடுத்த பக்கத்துக்குப் போனால் அதுவும் கூடவே போகும். பத்தியை முழுதாக அழித்தால் படமும் அழியும். இதை அறியாதவர்கள், ஒரு பத்தியைத் தானே நீக்கினோம், படத்தை யார் எடுத்தது என்று திகைப்பார்கள்.

'பக்கத்தில் நிலையாக நிறுத்து' என்ற கட்டளையும் வேர்டில் இருக்கிறது. ஆனால் அது நிலைநிறுத்துவது தாளில் படம் நிற்கும் இடத்தையே தவிர, எந்தப் பக்கம் என்பதை அல்ல. அதைத் தீர்மானிப்பது அப்பொழுதும் நங்கூரமே. படத்தை இழுக்கும்போது நங்கூரமும் வேறு பத்திக்கு நழுவிவிடாமல் இருக்க, அதைப் பூட்டிவைக்கும் வசதியைப் பயன்படுத்துவது உத்தமம். ரைட்டரில் பக்கத்தோடே நேராகக் கட்டும் முறை தனியாக உண்டு. ஒரே ஒரு தாளுக்கு அறிவிப்பு தயாரிப்பவருக்கு அது அனுகூலம், இருநூறு பக்க நூலுக்கோ பெரும் ஆபத்து.

மாணவர்களை அதிகமாக வதைப்பது, கட்டங்களும் அம்புகளும் கொண்டு வேர்டுக்குள்ளேயே வரையும் செயல்வழிப் படம். வெளியிலிருந்து கொணர்ந்த புகைப்படத்தை வேர்டு வரிக்குள் வைக்கிறது; உள்ளேயே வரைந்த கட்டத்தையோ 'எழுத்தின் முன்னால்' மிதக்கவிடுகிறது. ஆகவே பத்துக் கட்டங்களும் ஒன்பது அம்புகளும் கொண்ட ஒரு படம், மென்பொருளின் கணக்கில் ஒரு படமே அல்ல; அருகில் அகப்பட்ட பத்திகளில் ஆளுக்கொரு நங்கூரம் போட்டுக்கொண்ட பத்தொன்பது தனிப் பொருள்கள். மேலே ஒரு வரி கூடினால் அவை மூலைக்கொன்றாகச் சிதறுவதில் ஆச்சரியம் என்ன? முதலில் 'கேன்வாஸ்' எனப்படும் வரைதிரையை விரித்து அதற்குள் வரைவதும், வரைந்த பின் அனைத்தையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து 'குரூப்' செய்வதும், பிறகு அதை வரிக்குள் அமர்த்துவதும் இதற்குச் சிகிச்சை. என் சொந்த விருப்பமோ, இங்க்ஸ்கேப் போன்ற வேறொரு மென்பொருளில் வரைந்து, எஸ்விஜி வடிவில் சேமித்துக் கொணர்வது. கோடுகளைக் கோடுகளாகவே வைத்திருக்கும் அந்த வடிவத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு மங்காது. ஜேபெக் வடிவத்திலோ, மெல்லிய கோடுகளைச் சுற்றி அழுக்குப் படிந்தாற்போல் புள்ளிகள் தோன்றும். அது புகைப்படத்துக்கு ஏற்றது, கோட்டுப்படத்துக்கு ஆகாது.

தமிழில் எழுதுவோருக்கு மட்டும் பிரத்தியேகமான ஒரு சங்கடம் இருக்கிறது. விண்டோஸ் 2000த்துடன் வந்த 'லதா' எழுத்துருவில் பலர் இன்றும் தட்டச்சு செய்கிறார்கள். ஆனால் விண்டோஸ் 10இல் அது தானாக வந்து அமர்வதில்லை, கூடுதலாகக் கேட்டு நிறுவிக்கொள்ள வேண்டும். லதா இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் நிர்மலா போன்ற வேறோர் எழுத்துரு அந்த இடத்தை நிரப்பும்; அதன் அகலமும் வரி உயரமும் வேறு. பத்து வரியில் முடிந்த பத்தி பதினொரு வரியாகும், நங்கூரமிட்ட பத்தி பக்கம் மாறும், படங்களும் ஊர்வலமாகப் பின்தொடரும். வீட்டில் ஒழுங்காக இருந்த ஆய்வேடு டி.டி.பி. கடையில் அலங்கோலமாவதற்குப் பல வேளைகளில் கடைக்காரரின் அஜாக்கிரதை காரணமில்லை. எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பதித்துவைக்கும் வசதி வேர்டில் உண்டு. அச்சுக்குக் கொடுப்பதானால் பிடிஎஃப் ஆக்கிக் கொடுப்பது அதனினும் பத்திரம்.

கணித நூல்கள் அச்சிடுவோர் வேறு மார்க்கத்தில் சென்றார்கள். டொனால்ட் நூத் 1978இல் வெளியிட்ட டெக் மென்பொருளின் மீது 1980களில் லெஸ்லி லாம்போர்ட் கட்டிய லாடெக்கில், ஆசிரியர் படத்தின் ஸ்தானத்தைத் தாமே நிச்சயிப்பதில்லை. இங்கே, பக்கத்தின் தலையில், அடியில், அல்லது படங்களுக்கென்றே ஒரு தனிப் பக்கத்தில் என்று தம் விருப்பத்தைச் சில எழுத்துகளால் தெரிவித்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். தலைப்பகுதியில் படங்கள் பக்கத்தின் 70 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, எழுத்து 20 சதவீதமாவது இருக்க வேண்டும் என்ற வழக்கமான விதிகளைக் கொண்டு மென்பொருளே இடம் பார்த்து வைக்கிறது. சுதந்திரத்தை இழப்பதாக இதைக் குறை கூறுவோர் உண்டு. ஆயினும் ஒவ்வொரு வரி திருத்தத்துக்குப் பின்னும் படங்களைச் சுட்டியால் இழுத்துக்கொண்டிருப்பது என்ன சுதந்திரமென்று எனக்கு விளங்கவில்லை.

படம் நகரக்கூடியது என்று ஒப்புக்கொண்ட பிறகு, 'கீழே உள்ள படம்' என்றும் 'அடுத்த பக்கத்தில் காண்க' என்றும் எழுதுவது தகாது. ஒவ்வொரு படத்துக்கும் எண்ணிட்டு அந்த எண்ணால் சுட்ட வேண்டும். அந்த எண்ணையும் கையால் தட்டச்சு செய்யாமல், 'இன்சர்ட் கேப்ஷன்' கட்டளையால் பெற வேண்டும். அங்கே 'ஃபிகர்' என்று இருப்பதை மாற்றிப் 'படம்' என்று புதிய தலைப்பை நாமே சேர்த்துக்கொள்ளலாம். படம் மிதப்பதாயிருந்தால் விளக்கவரி தனியொரு பெட்டியில் வந்து அமரும். இரண்டையும் குரூப் செய்யாவிட்டால் படம் ஒரு பக்கமும் விளக்கம் ஒரு பக்கமுமாகும். உரைக்குள் சுட்டும்போது 'கிராஸ் ரெஃபரன்ஸ்' வழியாக 'படம் 4' என்பதை வரவழைத்து, 'இல்', 'ஐ' முதலிய வேற்றுமை உருபுகளை அதன் பின்னால் நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும். 'நான்காம் படத்தில்' என்று எழுத்தால் எழுதினால், நடுவில் ஒரு படம் புகும்போது அதைத் திருத்த எந்த மென்பொருளும் முன்வராது. எண்கள் உடனுக்குடன் மாறிக்கொள்வதும் இல்லை. அச்சுக்கு அனுப்புமுன் கண்ட்ரோல் விசையுடன் ஏ விசையை அழுத்தி உரை முழுவதையும் தேர்ந்தெடுத்து, எஃப்9 விசையைத் தட்டினால்தான் உரையிலுள்ள எண்கள் புதுப்பிக்கப்படுகின்றன.