தட்டைப்பயறு ஏன் கருகுகிறது?

அவிநாசிப் பக்கத்து மேட்டாங்காடுகளில் மாட்டுத் தீவனத்துக்குச் சோளம் விதைக்கும்போது கூடவே தட்டைப்பயறையும் கலந்து விதைப்பது பழைய வழக்கம். அட்ரசின் களைக்கொல்லிக்கு அந்த வழக்கம் ஆகாது. பயறு ஊடுபயிராக இருந்தால் அட்ரசின் வேண்டாம் என்பது கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. சோளம் தப்பிப் பயறு மட்டும் கருகுவதைப் பார்த்தால், இரண்டின் ஒளிச்சேர்க்கைப் புரதங்களும் வெவ்வேறு என்றே நினைக்கத் தோன்றும். புரதத்தின் அமைப்போ வேறு கதை சொல்கிறது.

இலையில் ஒளியைப் பிடிக்கும் ‘ஒளியமைப்பு 2’ இருபதுக்கும் மேற்பட்ட புரதங்கள் சேர்ந்த கூட்டு. 2011இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெந்நீரூற்று நீலப்பச்சைப் பாசியிலிருந்து அதை எடுத்து, 1.9 ஆங்ஸ்ட்ராம் நுட்பத்தில் படம்பிடித்தார்கள். அதன் நடுவிலுள்ள டி1 புரதத்தில் ஒரு சிறு குழி உண்டு. பிளாஸ்டோகுயினோன் என்ற மூலக்கூறு அதில் வந்து உட்காரும், இரண்டு எலெக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு கிளம்பும். அட்ரசின் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, எலெக்ட்ரானையும் வாங்காது. உணவு தயாரிப்பு நின்று செடி பட்டினியால் சாகிறது என்பார்கள். அது பாதி உண்மைதான். சில நாள் இருட்டில் வைத்தால் உணவு தயாரிக்க முடியாவிட்டாலும் செடி கருகிவிடுவதில்லை. இங்கே நடப்பது வேறு: போக வழியில்லாத ஒளியாற்றல் ஆக்சிஜனைக் கொடிய வடிவத்துக்கு மாற்ற, அது பச்சையத்தையும் சவ்வுகளையும் அரித்துவிடுகிறது. முதிர்ந்த இலைகளின் ஓரம் மஞ்சளித்துக் கருகுவது அதனால்தான். வெயிலே செடியைக் கொல்கிறது.

அந்தக் குழி சோளத்திலும் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, அட்ரசினும் அதில் ஒட்டும். ஆனால் சோளமும் மக்காச்சோளமும் மருந்தைக் குளூட்டத்தயோன் என்ற மூலக்கூறோடு பிணைத்து, குழியை எட்டுமுன்பே பெரும்பகுதியைச் செயலிழக்கச் செய்கின்றன. பயறு வகைகளுக்கு அந்த வேகம் இல்லை. களைகள் சில வேறு வழி கண்டன. டி1 புரதத்தின் 264ஆம் இடத்தில் செரின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் கிளைசின் வந்தால் அட்ரசினின் பிடி தளர்ந்துவிடும். அமெரிக்காவில் எதிர்ப்புக் களை பற்றிய செய்தி 1970லேயே வந்துவிட்டது. ஆனால் அந்த மாற்றம் இலவசமல்ல: எலெக்ட்ரான் ஓட்டமும் மந்தமாகிறது, மருந்தில்லாத காட்டில் அந்தக் களை பெரும்பாலும் பின்தங்குகிறது.

லேபிளைப் படித்தால் போதாதா, விவசாயிக்கு மூலக்கூறு எதற்கு என்பவர்கள் உண்டு. லேபிள் தடையைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. காரணம் தெரிந்தவர், தட்டைப்பயறுக்குப் பதில் உளுந்தை விதைத்துப் பார்க்கலாமே என்று கிளம்பமாட்டார்.