வாசலில் நின்று வாசித்தவர்

வீட்டு வாசலில் நின்று வாசிக்க வேண்டும். உள்ளேயிருந்து யாராவது ஒரு கை அரிசியோ சில்லறையோ கொண்டுவந்து போட்டால் அடுத்த வீட்டுக்கு நகரலாம். போடாவிட்டால் இன்னும் கொஞ்சம் வாசித்துப் பார்க்கலாம். விரட்டினால், கருவியில் பனி படாமல் அணைத்துக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். ஜப்பானில் இதற்குக் 'கதோசுகே' என்று பெயர். பின்னாளில் தோக்கியோவின் இளைஞர்களை வரிசையில் நிற்கவைத்த தகாஹாஷி சிகுஸான், தம் இளமையை இப்படித்தான் கழித்தார்.

ஜப்பானின் பெருந்தீவான ஹொன்ஷூவின் வடகோடியில் இருக்கிறது அவோமோரி மாகாணம். அங்கே கொமினாதோ என்ற ஊரில், ஏழைக் குடியானவர் வீட்டில், 1910-இல் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் சதஸோ. நடை பழகும் வயதில் தட்டம்மை கண்டு, பார்வை ஏறக்குறைய முழுதும் போய்விட்டது. அந்தக் காலத்தில் பார்வையற்ற ஏழைப் பையனுக்கு அந்தப் பக்கத்தில் இருந்த வழிகள் சொற்பம். கை, கால் பிடித்துவிடும் தொழிலுக்குப் போகலாம். இல்லாவிட்டால் ஷாமிசென் என்ற தந்தி வாத்தியத்தைக் கற்றுக்கொண்டு ஊர் ஊராகப் போகலாம். பதினைந்து வயதுக்குள் சதஸோ, தோதா ஜூதாரோ என்ற பார்வையற்ற கலைஞரிடம் சேர்ந்தார். இப்படிப்பட்டவர்களை ஊரார் 'போசமா' என்பார்கள். சொல்லில் மரியாதை ஒட்டிக்கொண்டிருக்கும். சொல்கிற வாயில் பிச்சைக்காரன் என்ற பொருள்தான் இருக்கும்.

ஷாமிசெனுக்கு மூன்றே தந்திகள். வீணையைப் போல மெட்டுகள் கிடையாது. சுரம் எங்கே இருக்கிறது என்பதை விரல்தான் கண்டுபிடிக்க வேண்டும். சதுரமான மரக்கூட்டின் இரு பக்கமும் தோல் போர்த்தியிருக்கும். அடித்தந்தியை மீட்டினால், நம் தம்புராவில் ஜீவாளி நூல் செருகியதும் எழுமே, அதே ஜாதி ரீங்காரம் ஒன்று எழும். 'சவாரி' என்பார்கள். அவோமோரியின் ட்சுகாரு பகுதி ஷாமிசெனுக்குத் தண்டு பருமன், தோலும் தடிமன். விசிறி போல விரிந்த மீட்டுகோல் தந்தியில் பட்ட வேகத்தில் தோலையும் அறையும். பாதி நரம்பிசை, பாதி கொட்டு. அடைத்த கதவுக்குள் கணப்படுப்பு அருகே உட்கார்ந்திருப்பவர் காதில் விழ வேண்டுமென்றால் வேறென்ன செய்வது?

வேடிக்கை என்னவென்றால், சிகுஸான் இந்த அறைதலில் பேர்போனவர் அல்ல. ட்சுகாரு வாசிப்பில் அடிக்கும் பாணி, மீட்டும் பாணி என்று இரண்டைப் பிரித்துச் சொல்வதுண்டு. இவர் இரண்டாவது வகை. இன்று மேடையில் இடி முழக்குகிற இளைஞர்களைக் கேட்டுவிட்டு இவரிடம் வந்தால், 'இவ்வளவுதானா' என்றுகூடத் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

குருவிடமிருந்து பிரிந்து தனியாகத் திரிந்த வருடங்களில் வடகிழக்கு மாகாணங்களையும் ஹொக்கைடோ தீவையும் நடந்தே அளந்தார். 1933 மார்ச் 3 அதிகாலையில் சன்ரிகு கடற்கரையைச் சுனாமி தாக்கி, ஏறத்தாழ மூவாயிரம் பேரைக் கொண்டுபோனது. அப்போது சிகுஸான் அந்தக் கரையில், இவாதே மாகாணத்தின் நோதா கிராமத்தில்தான் தங்கியிருந்தார். மயிரிழையில் தப்பினார்.

போர் மூண்டதும் வாசல் வாசிப்புக்கு அரிசி ஏது? 1944-இல், முப்பது வயதைத் தாண்டிய பிறகு, ஹாச்சினோஹே நகரத்துப் பார்வையற்றோர் பள்ளியில் குத்தூசி மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். கதை அதோடு முடிந்திருக்க வேண்டியது. போர் ஓய்ந்தபின் அவரைத் திரும்ப இசைக்கு இழுத்தவர் நாட்டுப்புறப் பாடகர் நரிதா உன்சிகு. 1950-இல் அவர்தான் தம் பெயரிலிருந்த 'சிகு'வை, அதாவது மூங்கிலை, எடுத்துக் கொடுத்து இவருக்குச் சிகுஸான் என்று பெயர் சூட்டினார். மூங்கில் மலை என்று பொருள்.

அப்போதும் அவர் பக்கவாத்தியம்தான். பாடகர் முன்னே, ஷாமிசென் பின்னே. 1963-இல் கிங் ரெக்கார்ட்ஸ் நிறுவனம் அவருடைய ஷாமிசெனை மட்டுமே பதிந்து இசைத்தட்டு வெளியிட்டது. அதற்கும் பத்து வருடம் கழித்து, தோக்கியோவின் ஷிபுயாவில், ஒரு தேவாலயத்தின் நிலவறையில் இருந்த 'ஜான்-ஜான்' என்ற சின்ன அரங்கில் வாசிக்கத் தொடங்கினார். வயது அறுபத்து மூன்று. ராக் இசை கேட்டு வளர்ந்த பிள்ளைகள் வந்து நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். இடையிடையே அவர் பேசுவது அசல் ட்சுகாரு வட்டார வழக்கு. தோக்கியோக்காரர்களுக்குப் பாதி புரியாது, ஆனாலும் சிரிப்பார்கள். 1975-இல் தன்வரலாறு வந்தது. 1977-இல் இயக்குநர் கனேதோ ஷிந்தோ அவர் வாழ்க்கையைப் படமாக்கினார். 1986-இல் அமெரிக்கப் பயணம்.

இந்தக் கொண்டாட்டத்தில் எனக்கொரு நெருடல் உண்டு. நகரத்து ரசிகர்கள் அந்தப் பசியையும் பனியையும் ஒரு காவியமாக்கிப் பார்த்தார்கள். பசித்தவருக்கு அது காவியமாக இருந்திருக்காது. சிகுஸானும் பிச்சையெடுத்ததைப் பிச்சை என்றுதான் சொன்னார், பூசி மெழுகவில்லை.

1997-இல் தம் பெயரைச் சீடர் ஒருவருக்குக் கொடுத்தார். இரண்டாம் சிகுஸான் ஒரு பெண். அடுத்த ஆண்டு, பிப்ரவரி 5 அன்று, 87 வயதில் முதல் சிகுஸான் காலமானார்.

அவர் தாமே அமைத்த 'இவாகி' என்ற தனி வாசிப்பு இருக்கிறது. ட்சுகாரு சமவெளியில் ஒற்றையாக நிற்கும் மலையின் பெயர் அது. கிடைத்தால் இரவில், வீடு அடங்கியபின் கேளுங்கள். வேகத்தைத் தேட வேண்டாம். அடித்தந்தியின் ரீங்காரத்தைப் பின்தொடர்ந்தால் போதும்.