காரின் மஞ்சள் விளக்கு

'யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே' என்பது நம் முன்னோர் மொழி. இன்றைய கார்களிலும் அப்படியொரு மணியோசை உண்டு. ஆனால் அது காதில் கேட்பதில்லை, கண்ணில் படுகிறது. ஓட்டுபவரின் எதிரே எஞ்சின் வடிவில் எரியும் மஞ்சள் விளக்கே அது. அதனைச் 'செக் எஞ்சின்' விளக்கு என்பர். சாவியைத் திருப்பியதும் அது எரிந்து, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைந்துவிட வேண்டும். அணையாமல் நின்றால் எங்கோ பழுது இருக்கிறது என்று பொருள். அதை அணைப்பது எப்படி என்று கேட்போர் பலர். அது ஏன் எரிகிறது என்பதை முதலில் அறிவோமா?

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை 1940களில் கண்ணை எரிக்கும் புகைமூட்டம் அடிக்கடி சூழ்ந்தது. கார்களும் எண்ணெய் ஆலைகளும் வெளிவிடும் வாயுக்கள் சூரிய ஒளியில் மாற்றமடைவதே காரணம் என்று 1950களின் தொடக்கத்தில் ஹாகன்-ஸ்மிட் என்னும் விஞ்ஞானி விளக்கினார். பின்னர் அந்நகர் அமைந்த கலிபோர்னியா மாநிலம் வாகனப் புகையைக் கட்டுப்படுத்த விதிகள் வகுத்தது. கார் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் ஏற்பாடு 1988ஆம் ஆண்டு மாடல் முதல் அங்கே கட்டாயமாயிற்று. 1996 மாடல் முதல் அமெரிக்கா முழுவதும் ஒரே முறை வந்தது. ஆகவே இவ்விளக்கு நாம் சுவாசிக்கும் காற்றையும் காக்கப் பிறந்தது எனலாம்.

காரிலுள்ள சிறு கணிப்பொறி, பல சென்சார்கள் அனுப்பும் செய்திகளைக் கவனித்து வருகிறது. குறை கண்டால் அதற்குரிய குறியீட்டு எண்ணைப் பதிவு செய்து விளக்கை எரியச் செய்கிறது. பி0301 என்றால் முதல் சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றவில்லை. பி0420 என்றால் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் திறன் குன்றிவிட்டது. பழுது தோன்றிய நேரத்தில் எஞ்சினின் வேகமும் வெப்பமும் எவ்வளவு என்பதும் பதிவாகிறது.

ஸ்டீயரிங்கின் கீழ்ப்புறம் 16 முனைகள் கொண்ட சாக்கெட் ஒன்று இருக்கும். அதில் ஸ்கேனரைப் பொருத்தி எண்ணைப் படிக்கலாம். அழித்து விளக்கை அணைக்கவும் செய்யலாம். சிலர் பேட்டரி வயரைக் கழற்றி மாட்டுவர். பல கார்களில் அதனாலும் விளக்கு அணையும். ஆனால் பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? பழுது அப்படியேதான் இருக்கும். மெக்கானிக்குக்கு வழிகாட்டும் குறிப்புகள்தாம் அழிந்துபோகும். கார் தன் சோதனைகளை மீண்டும் முதலிலிருந்து நடத்தும். பழுதைக் கண்டதும் விளக்கு மறுபடி எரியும்.

எனவே, முதலில் எண்ணைப் படித்து எழுதிக்கொள்ள வேண்டும். அடுத்துப் பழுதைச் சரிசெய்ய வேண்டும். அதன் பிறகே எண்ணை அழிக்க வேண்டும். பழுது உண்மையிலேயே நீங்கியிருந்தால், தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் சோதனை நன்றாக அமைந்ததும் விளக்கு தானாகவே அணைந்துவிடும்.

விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மிகுந்த எச்சரிக்கை தேவை. சிலிண்டரில் பற்றாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் சென்று எரிந்து, அதனை அளவுக்கு மீறிச் சூடாக்கும். பிளாட்டினம், பலேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் உள்ள பாகம் அது. ஒரு ஸ்பார்க் பிளக்கை மாற்றுவதோடு முடிய வேண்டிய செலவு பன்மடங்காகிவிடும். ஆகவே வேகத்தைக் குறைத்து, பத்திரமான இடத்தில் வண்டியை நிறுத்தி, மெக்கானிக்கை அழைப்பதே நல்லது. எண்ணெய் அழுத்தத்தையோ எஞ்சின் சூட்டையோ குறிக்கும் சிவப்பு விளக்கு எரிந்தாலும் வண்டியை உடனே நிறுத்திவிட வேண்டும்.

நம் நாட்டில் 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளின்படி, புதிய கார்கள் இச்சோதனை ஏற்பாட்டுடனேயே வருகின்றன. தோழியரே, நம் வீட்டுக் காரில் மஞ்சள் விளக்கு எரிந்தால், 'இதை அணைத்துத் தாருங்கள்' என்று மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டாம். 'எந்த எண் வந்திருக்கிறது, எது பழுது?' என்று கேட்கும்படி பெற்றோரிடம் சொல்வோம். பணமும் மிஞ்சும், நம் தெருவின் காற்றும் தூய்மையாகும்.