நான்கு பாட்டரியில் வந்த உலகம்



நம் தோட்டத்து வாழ்க்கையை மாற்றிய ஒரு சிறு கருவியைப் பற்றி இன்று பேசுவோம். அதுதான் டிரான்சிஸ்டர் வானொலி. “திருகினால் பாடும், அணைத்தால் நிற்கும், அதில் பேச என்ன இருக்கிறது?” என்று சிலர் கேட்கலாம். அந்தச் சிறு பெட்டி யாருடைய வீட்டுக்கு வந்தது, எப்படி வந்தது என்பதில்தான் செய்தி இருக்கிறது.

1950ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் வானொலி என்றால் பெரிய மரப்பெட்டி. அதனுள்ளே வால்வு எனப்படும் கண்ணாடிக் குமிழ்கள் இருக்கும். குமிழில் உள்ள இழை சூடேறிய பிறகுதான் பெட்டி பேசத் தொடங்கும். மின்சாரம் இல்லாத இடத்தில் இழையைச் சூடாக்க ஒரு பாட்டரியும், குமிழை இயக்க 90 வோல்ட் வரை தரக்கூடிய இன்னொரு பாட்டரியும் தேவைப்பட்டன. கனமும் அதிகம், செலவும் அதிகம்.

அந்நாளில் எஞ்சின் ஓடும் மாலை நேரத்தில் மட்டும் விளக்கு எரிந்த லயங்கள் பல. அதுவும் இல்லாத லயங்கள் இன்னும் பல. ஆகவே வானொலி துரை பங்களாவில் இருக்கும், கிராணி வீட்டில் இருக்கும், கடையில் இருக்கும். மற்றவர்கள் வாசலில் நின்று கேட்பார்கள். எதைக் கேட்பது, எப்பொழுது நிறுத்துவது என்பதெல்லாம் பெட்டிக்கு உடையவர் முடிவு.

இந்த நிலையை மாற்றிய பொருள் ஒரு மொச்சைக்கொட்டை அளவுதான். 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் பார்டீன், வால்டர் பிராட்டெய்ன் என்ற இருவர் முதல் டிரான்சிஸ்டரை இயக்கிக் காட்டினார்கள். அவர்கள் குழுவின் தலைவர் வில்லியம் ஷாக்லி அதை மேலும் செம்மைப்படுத்தினார். 1956இல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அது என்ன செய்கிறது? லயத்துக் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே தண்ணீர் வேகமாக வரக் காத்திருக்கிறது. நாம் இரண்டு விரலால் திருகை லேசாகத் திருப்புகிறோம். சிறு விரலசைவு பெரிய நீரோட்டத்தைக் கூட்டுகிறது, குறைக்கிறது. டிரான்சிஸ்டருக்கு மூன்று கால்கள். ஒரு காலில் செல்லும் சிறிய மின்னோட்டம், மற்ற இரு கால்களுக்கிடையே ஓடும் பெரிய மின்னோட்டத்தை அவ்வாறே ஆட்டிவைக்கிறது. காற்றில் வரும் வானொலி அலை மிக மெலிந்தது. அதைப் படிப்படியாகப் பெருக்கி ஒலிபெருக்கியை அதிரச் செய்வது இந்தத் திருகுதான். சூடேற்ற இழை இல்லை, காத்திருக்கத் தேவையில்லை. டார்ச் விளக்குக்குப் போடும் பாட்டரி நான்கு இருந்தால் பல பெட்டிகளுக்குப் போதும்.

1954இல் அமெரிக்காவில் முதல் டிரான்சிஸ்டர் வானொலி விற்பனைக்கு வந்தது. அதில் நான்கு டிரான்சிஸ்டர்கள்; விலை 49.95 டாலர். அதே சமயத்தில் ஜப்பானில், போருக்குப் பின் தொடங்கிய ஒரு சிறு நிறுவனமும் முயன்றுகொண்டிருந்தது. மசாரு இபுகா, அகியோ மொரிதா ஆகிய இருவரும் நடத்திய அந்த நிறுவனமே பின்னாளில் சோனி ஆயிற்று. டிரான்சிஸ்டர் உரிமையை அவர்களுக்குக் கொடுத்தவர்கள், “இது காது கேளாதோர் கருவிக்குத்தான் உதவும்” என்றார்கள். இவர்களோ வானொலிதான் செய்வோம் என்று உறுதியாக நின்று, 1955இல் செய்தும் காட்டினார்கள். 1957இல் வந்த பெட்டியைச் ‘சட்டைப்பையில் அடங்கும் வானொலி’ என்று சொல்லி விற்றார்கள். உண்மையில் அது பையைவிடச் சற்றே பெரிது! அதனால் விற்பனையாளர்களுக்குப் பெரிய பை வைத்த சட்டை தைத்துக் கொடுத்ததாக மொரிதாவே எழுதியிருக்கிறார்.

விலை இறங்க இறங்க அந்தப் பெட்டி லயத்துக்கும் வந்தது. கம்பி வேண்டாம், எஞ்சின் வேண்டாம். அடுப்படியில் அம்மா பாட்டுக் கேட்டார். பெரட்டுக்குப் புறப்படுகிறவருக்கு அதுவே கடிகாரம் ஆயிற்று. எல்லாவற்றுக்கும் மேலாக, துரை பங்களாவில் கேட்கும் தேர்தல் முடிவும் வெள்ள எச்சரிக்கையும் அதே நொடியில் லயத்திலும் கேட்டன. செய்தி இன்னொருவர் வாய்வழி வரவேண்டும் என்ற நிலை போயிற்று. இது சிறிய மாற்றமா, நேயர்களே?

அந்நாளைய மத்திய அலைப் பெட்டியை இப்படியும் அப்படியும் திருப்பினால் ஒலி கூடிக் குறையும் அல்லவா? உள்ளே செம்புக்கம்பி சுற்றிய கருநிறக் கோல் ஒன்று உண்டு. அதன் பக்கவாட்டு நிலையத்தை நோக்கினால் அலை நன்றாகப் பிடிபடும். அதன் நுனி நோக்கினால் மெலிந்துவிடும். தீர்ந்த பாட்டரியை வெயிலில் காயவைப்பதும் நம்மவர் வழக்கம். சூட்டில் உள்ளிருக்கும் இரசாயன வேலை சற்றே விரைவுபடும். அதனால் கொஞ்ச நேரம் பாடும். புதுச் சக்தி எதுவும் அதில் சேருவதில்லை. தீர்ந்த பாட்டரியைப் பெட்டியிலேயே விட்டாலோ துத்தநாகக் கூடு அரித்து, கசிந்து, பெட்டியையே கெடுத்துவிடும்.

கதை அத்துடன் முடியவில்லை. 1958க்குப் பிறகு பல டிரான்சிஸ்டர்களை ஒரே சில்லில் அமைக்கும் வழி பிறந்தது. 1972இல் இன்டெல் நிறுவனம் பினாங்கில் தன் தொழிற்சாலையைத் திறந்தது. அதன்பின் நம் தோட்டத்துப் பெண்கள் பலர் அத்தகைய மின்னணுத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போனார்கள். நுண்பெருக்கியில் கண் பதித்து, தலைமயிரினும் மெல்லிய பொன்கம்பியைச் சில்லில் பொருத்தும் வேலையைச் செய்த கைகளில் அவர்கள் கைகளும் உண்டு. இன்று கைப்பேசிச் சில்லு ஒன்றில் பல நூறு கோடி டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன.

முதலில் வாசலில் நின்று கேட்டோம். பிறகு பெட்டியை வாங்கினோம். அதன்பின் அதன் உறுப்புகளை நம் கையால் பொருத்தினோம். அதை வரைந்து வடிவமைக்கும் இடத்திலும் நம் பிள்ளைகள் உட்கார வேண்டும். பலர் உட்கார வேண்டும். அதற்குக் கணக்கும் அறிவியலும் வேண்டும். ஆணுக்கும் வேண்டும், பெண்ணுக்கும் வேண்டும். ஆகவே பெற்றோர்களே, உங்கள் பிள்ளை பழுதான வானொலியைத் திருகாணி கழற்றிப் பார்த்தால் அதட்டாதீர்கள். மின்கம்பியில் செருகியிருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, “இது என்ன வேலை செய்கிறது?” என்று கேளுங்கள்.