ஆறாத அரிப்பு: கிருமியா, ஒவ்வாமையா?

வயலில் உழைப்பவர்களுக்குத் தோல் அரிப்பு புதிதல்ல. நெல் சுணை பட்டால் அரிக்கும். செந்தட்டி பட்டால் தடிக்கும். குளித்துவிட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினால் மறுநாள் அது போய்விடும். ஆனால் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், ஆறாமல் நிற்கும் அரிப்பு வேறு வகையைச் சேர்ந்தது. இரவு உறக்கம் கெடுகிறது. வெயிலில் இறங்க முடியாமல் கூலி போகிறது. கண்ட களிம்புகளையெல்லாம் வாங்கிப் பூசுவதில் கைப்பொருளும் கரைகிறது.

இத்தகைய நீடித்த தோல் நோய்களை இரண்டு பெரும் பிரிவுகளாகக் கொள்ளலாம். பூசணமோ, பாக்டீரியாவோ, உண்ணி இனத்துச் சிற்றுயிரோ தோலில் குடியேறுவதால் வருபவை ஒரு பிரிவு. எந்த உயிரும் குடியேறாமலே, உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி ஏதோ ஒரு பொருளைப் பகையாகக் கருதிப் போரிடுவதால் வருபவை மற்றொரு பிரிவு. இதையே ஒவ்வாமை அல்லது அலர்ஜி என்கிறோம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றலாம். ஆனால் ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றை வளர்த்துவிடும். ஆகவே காரணத்தை அறிந்துகொள்வதே சிகிச்சையின் முதல் படியாகும்.

வரப்போரத்துப் பகைவன்

ஒவ்வாமை வகைக்குத் தக்க உதாரணம் பார்த்தீனியம். வடமாநிலங்களில் காங்கிரஸ் புல் என்று அழைக்கப்படும் இந்தச் செடியின் தாயகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி. 1950-களின் நடுவில் புனே அருகே இது களையாகக் கவனிக்கப்பட்டது. பின்னர் நாடெங்கும் தரிசு நிலங்களிலும், ரயில் பாதை ஓரங்களிலும், வரப்புகளிலும் பரவிவிட்டது. ஒரே செடி பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விதைகளை உதிர்க்க வல்லது என்பதால் பரவிய வேகத்தில் வியப்பில்லை.

செடி பரவிய இடங்களில் தோல் நோயும் தொடர்ந்தது. முகமும் கழுத்தும் தடித்து, கருத்து, ஓயாத அரிப்புடன் வந்த நோயாளிகளைப் பற்றி 1960-களின் பிற்பகுதியிலும் 1970-களிலும் புனே மருத்துவர்கள் எழுதினர். செடியின் இலை, தண்டு, பூ ஆகியவற்றின் நுண்ணிய மயிர்களில் உள்ள பார்த்தீனின் என்ற பொருளே இதற்குக் காரணம். செடியைத் தொட்டால்தான் நோய் வரும் என்பதில்லை. காய்ந்து பொடியான துணுக்குகள் காற்றில் பறந்து வந்து, வியர்வையில் ஒட்டிக்கொண்டாலே போதும்.

"இருபது வருஷமாக இந்தச் செடியைப் பிடுங்குகிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே!" என்று கூறுபவர்கள் உண்டு. இந்த நோயின் சூழ்ச்சியே அதில்தான் இருக்கிறது. பார்த்தீனின் தோலுக்குள் புகும்போது வெள்ளணுக்களில் ஒரு வகை அதை அடையாளம் கண்டு நினைவில் வைத்துக்கொள்கிறது. அவ்வாறு நினைவில் பதிய சில வாரங்களும் ஆகலாம். பல ஆண்டுகளும் ஆகலாம். அதுவரை வெளியே ஒன்றும் தெரியாது. ஒருமுறை பதிந்துவிட்டால், பிறகு சிறிதளவு பட்டாலும் அந்த அணுக்கள் திரண்டு வந்து தோலைத் தாக்கும். தாக்குதல் உடனே தெரிவதில்லை. செடி பட்ட ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் சிவந்து, தடித்து, நீர் கோக்கும். இதனால் திங்களன்று பிடுங்கிய களைக்கும் புதனன்று வந்த அரிப்புக்கும் தொடர்பு இருப்பதாக யாருக்கும் தோன்றுவதில்லை.

இந்த நினைவு எளிதில் அழிவதில்லை. பார்த்தீனியத்தின் குடும்பத்தைச் சேர்ந்த சாமந்தி, சூரியகாந்தி, மருள் ஊமத்தை போன்றவையும் சிலருக்குப் பின்னர் ஒத்துக்கொள்ளாமல் போகும். இன்னும் சிலருக்கு நாளடைவில் வெயிலே பகையாகிவிடுகிறது. நடுத்தர வயதைக் கடந்த ஆண்களிடம் இந்நோய் அதிகம் காணப்படுகிறது. சிறு குழந்தைகளிடம் அரிது.

வட்டப் படையின் கதை

கிருமி வகைக்கு உதாரணம் படர்தாமரை. தோலின் மேற்புறத்தில் உள்ள உயிரற்ற அடுக்கைத் தின்று வாழும் பூசணங்களே இதற்குக் காரணம். இடுப்பு, தொடை இடுக்கு, அக்குள் போன்ற வியர்வை தேங்கும் இடங்களில் வட்டமாகத் தொடங்கும். ஓரம் சிவந்து மேடிட்டு, நடுப்பகுதி தெளிந்து காணப்படும். ஈரம் உலராத உள்ளாடையும் அரைஞாண் கயிறும் பூசணத்துக்கு நல்ல இருப்பிடம்.

அந்தச் சிவந்த ஓரம் பூசணம் மட்டும் செய்த வேலையன்று. அதை வெளியேற்ற உடல் நடத்தும் போராட்டத்தின் அடையாளமும் ஆகும். மனிதரிடமே வாழப் பழகிய பூசண வகைகள் இந்தப் போராட்டத்தை அதிகம் கிளறாமல் அடங்கி இருக்கத் தெரிந்தவை. ஆகவேதான் அவை ஆண்டுக்கணக்கில் தங்குகின்றன.

மாட்டிலிருந்து வரும் வகை வேறு. கன்றுகளின் கண்ணைச் சுற்றியும், முகத்திலும், கழுத்திலும் மயிர் உதிர்ந்து சாம்பல் நிறப் பொருக்கு வட்டங்கள் தோன்றுவதுண்டு. கன்றுக்கு எதிர்ப்புச் சக்தி உண்டானதும் பெரும்பாலும் சில மாதங்களில் தானே ஆறிவிடும். ஆனால் அதன் வித்துக்கள் தொழுவத்து மரச் சட்டங்களில் பல மாதங்கள் உயிரோடிருக்கும். கன்றைப் பிடித்துக் கட்டுபவர்கள், பால் கறப்பவர்கள் ஆகியோரின் கைகளில் தொற்றினால், மனித உடலுக்கு அது பழக்கமில்லாதது என்பதால், கடுமையாகச் சிவந்து வீங்கி, சில சமயம் சீழும் கட்டும்.

ஒரே களிம்பு, இரண்டு பலன்

கடைகளில் கேட்டு வாங்கும் அரிப்புக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. ஸ்டீராய்டின் வேலை எதிர்ப்புச் சக்தியை அடக்குவது. பார்த்தீனிய ஒவ்வாமையில் தொல்லை கொடுப்பது அந்தச் சக்தியே என்பதால், டாக்டரின் மேற்பார்வையில் அளவோடு பூசினால் அது நல்ல மருந்து.

அதே களிம்பைப் படர்தாமரையில் பூசினால் நடப்பது வேறு. உடலின் போராட்டம் அடங்குகிறது, சிவப்பு மங்குகிறது, அரிப்பும் நிற்கிறது. நோய் தீர்ந்தது என்று மகிழ்ச்சி உண்டாகும். ஆனால் எதிர்ப்பாரின்றிப் பூசணம் பரவுகிறது. பூசுவதை நிறுத்தியதும் முன்னிலும் அதிகமாகக் கிளம்புகிறது. வட்ட வடிவம் கலைந்துபோவதால் டாக்டருக்கும் அடையாளம் காண்பது கடினமாகிறது. நீண்ட நாள் பூசிய இடத்தில் தோல் மெலிந்து, வரிவரியாகப் பிளந்த தழும்புகள் விழுகின்றன. ஸ்டீராய்டுடன் பூசணக் கொல்லியும் பாக்டீரியாக் கொல்லியும் சேர்ந்த கலவைக் களிம்புகளாலும் இதே கேடு உண்டாகும்.

இந்தத் தவறான பழக்கம் நாட்டில் படர்தாமரை பெருகியதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. டெர்பினாஃபின் என்னும் வழக்கமான மருந்துக்கு அடங்காத பூசணங்களும் தோன்றியுள்ளன. அவ்வாறு பரவிய ஒரு வகைக்கு 2020-இல் இந்தியாவின் பெயரை ஒட்டியே 'ட்ரைக்கோபைட்டான் இண்டோட்டினியே' எனப் பெயரிடப்பட்டது. 2018-இல் மத்திய அரசு, தோலில் பூசும் பல ஸ்டீராய்டு மருந்துகளை டாக்டர் சீட்டின்றி விற்கலாகாத பட்டியலில் சேர்த்தது. இருந்தும் சீட்டின்றிக் கேட்டு வாங்கும் பழக்கம் ஓயவில்லை.

இரண்டும் கலந்த சொறி

சொறி நோயில் தொற்றும் ஒவ்வாமையும் கைகோத்து நிற்கின்றன. கண்ணுக்குப் புலப்படாத உண்ணி இனத்துச் சிற்றுயிர் ஒன்று தோலைக் குடைந்து முட்டையிடுகிறது. சாதாரணமாக ஒருவர் உடலில் பத்துப் பதினைந்து மட்டுமே இருக்கும். ஆனால் அரிப்போ உடல் முழுவதும்! அந்த உயிரின் உடலும் கழிவும் தோலுக்கு ஒவ்வாமல் போவதே காரணம். முதன்முறை தொற்றியவருக்கு அரிப்பு தொடங்கவே மூன்று முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதற்குள் வீட்டில் மற்றவர்களுக்கும் பரவியிருக்கும்.

பெர்மெத்ரின் களிம்பை டாக்டர் கூறியபடி கழுத்து முதல் பாதம் வரை இரவில் பூசி, காலையில் குளித்து, ஒரு வாரம் கழித்து மீண்டும் ஒருமுறை பூச வேண்டும். அரிப்பு இல்லாதவர்கள் உட்பட வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நாளில் பூசுவது முக்கியம். துணிகளையும் படுக்கை விரிப்புகளையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். சிற்றுயிர் செத்த பிறகும் ஒவ்வாமை அடங்க இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகலாம். மருந்து பலிக்கவில்லை என்று எண்ணி நாள்தோறும் பூசினால் தோல் புண்ணாகும்.

எப்படி வேறுபடுத்துவது?

நோயை உறுதி செய்வது டாக்டரின் பொறுப்பு. எனினும் சில குறிப்புகளைக் கவனித்துச் சென்றால் அவருக்கு உதவியாக இருக்கும்.

கண் இமை, காதின் பின்புறம், கழுத்து, முழங்கை மடிப்பு ஆகிய இடங்களில் அரித்து, களை மண்டும் பருவத்தில் அதிகமாகி, வெளியூர் சென்று தங்கினால் குறைந்தால் பார்த்தீனியத்தைச் சந்தேகிக்கலாம். வட்டமாகத் தொடங்கி ஓரம் விரிந்துகொண்டே போனால் படர்தாமரையாக இருக்கலாம். விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றிய பகுதி ஆகியவற்றில் இரவில் அதிகமாக அரித்து, வீட்டில் பலருக்கும் இருந்தால் சொறியாக இருக்கலாம்.

படையைச் சுரண்டி எடுத்த செதிளை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பூசணம் தெரியும். ஒவ்வாமைக்கு ஒட்டுச் சோதனை உண்டு. சந்தேகப்படும் பொருள்களைச் சிறு பட்டைகளில் வைத்து முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்து, சிவந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஓரிரு நாள் கழித்து மறுமுறையும் பார்ப்பார்கள். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளின் தோல் பிரிவில் இதைப் பற்றிக் கேட்கலாம். முன்பு பூசிய களிம்புகளின் டியூப்களை மறக்காமல் எடுத்துச் செல்லுதல் வேண்டும்.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். அரிப்பே இல்லாமல், தொட்டால் உணர்ச்சியும் இல்லாமல், வெளிறிய அல்லது சிவந்த தேமல் தோன்றினால் அலட்சியம் கூடாது. அது தொழுநோயின் தொடக்கமாக இருக்கலாம். இதற்கான கூட்டு மருந்து அரசு மருத்துவ நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. தொடக்கத்திலேயே உட்கொண்டால் ஊனமின்றிக் குணமாகும்.

வயலில் செய்ய வேண்டியவை

பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே, மழை பெய்து மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்க வேண்டும். கையுறை, முழுக்கைச் சட்டை, முகத்துக்குத் துண்டு ஆகியவை அவசியம். ஏற்கெனவே ஒவ்வாமை வந்தவர் இந்த வேலைக்குச் செல்லவே கூடாது. பூக்காத செடிகளை மக்க வைத்து எருவாக்கலாம். காய்ந்த செடிகளை உதறுவதும் வீட்டருகே குவிப்பதும் கூடாது.

பயிரில்லாத இடங்களில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் சமையல் உப்பைக் கரைத்து, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து, இலைகள் நனையத் தெளிக்கலாம். உப்பு மண்ணைக் கெடுக்கும். எனவே சாகுபடி நிலத்தில் இம்முறை ஆகாது. 1984-இல் மெக்சிகோவிலிருந்து பெங்களூருக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு வகை வண்டு, மழைக்காலத்தில் பார்த்தீனிய இலைகளைத் தின்று அழிக்கிறது. வெளிர் மஞ்சள் முதுகில் கருங்கோடுகள் கொண்ட இந்த வண்டைக் கண்டால் பூச்சிமருந்து தெளித்துக் கொன்றுவிடலாகாது.

வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளித்து, உடுத்திய துணியைத் தனியே துவைப்பது நல்லது. துண்டும் உள்ளாடையும் ஒவ்வொருவருக்கும் தனியாக இருக்க வேண்டும். பொருக்கு வட்டம் உள்ள கன்றைத் தனியே கட்டி, கால்நடை டாக்டரிடம் காட்டி, அதைத் தொட்ட பின் கை கழுவ வேண்டும்.

பயிரில் இலை கருகினால் அது பூசணமா, பூச்சியா, சத்துக் குறைவா என்று பார்த்த பிறகே விவசாயி மருந்து தெளிக்கிறார். தம் தோலுக்கும் அந்த நிதானத்தைக் காட்டுவாரானால் பல ஆண்டு வேதனையும் வீண் செலவும் மிச்சமாகும்.